இரண்டு மாத்திரைகள்

மாதவரம் பால்பண்ணைப் பக்கம் திரும்பினால் வடசென்னை சற்று மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும். பின்னால் மூலக்கடையில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். மணலிப் பக்கமிருந்து காற்று அடித்தால் ஆலை வாடை வரும். உள்ளே வந்துவிட்டால் மரங்கள், ஆவின் வண்டிகள், கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், தோட்டக்கலைத் துறையின் பூங்கா. இந்த வட்டாரத்தில்தான் சித்த மருத்துவத்துக்கென ஒரு பல்கலைக்கழகம் அமைக்க இடம் பார்த்தார்கள். 2022 ஏப்ரலில் சட்டமன்றத்தில் மசோதாவும் நிறைவேறியது. வேந்தர் முதலமைச்சரா ஆளுநரா என்ற இழுபறியில் அது கோட்டைக்கும் ராஜ்பவனுக்கும் நடுவே சிக்கிக்கொண்ட கதை நாளிதழ் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

பல்கலைக்கழகம் என்றால் ஆராய்ச்சி. சித்த வைத்தியத்தில் ஆராய்ச்சி என்றால் சிலர் சிரிப்பார்கள், சிலர் கோபப்படுவார்கள். ஓலைச்சுவடியில் எல்லாம் இருக்கிறது, ஆராய என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். அங்கே ஆராயத்தக்கது எதுவுமே இல்லை என்று ஒதுக்குபவர்கள் இன்னொரு பக்கம். இந்த இரு தரப்புக்கும் பிடிபடாத ஒரு மனிதர் நூற்றுச்சொச்சம் வருடங்களுக்கு முன் தஞ்சாவூரில் இருந்தார். மாத்திரை உருட்டி விற்றார். அந்தக் காசில் இசையின் மாத்திரையை ஆராய்ந்தார்.

தமிழில் மாத்திரை இரண்டு. ஒன்று தண்ணீர் விட்டு விழுங்குவது. மற்றொன்று ஓசையை அளப்பது. கண் இமைக்கிற நேரம், விரல் நொடிக்கிற நேரம் என்று தொல்காப்பியம் கணக்குச் சொல்கிற அந்த மாத்திரை. ஒரே சொல்லில் வைத்தியமும் இசையும் அடங்கியிருப்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆபிரகாம் பண்டிதர் விஷயத்தில் அப்படித் தோன்றவில்லை.

அவர் பிறந்தது 1859 ஆகஸ்ட் 2, தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில், கிறிஸ்தவ நாடார் குடும்பம் ஒன்றில். அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னால், ஜூலை 26 அன்று, மலைக்கு அந்தப் பக்கத்துத் திருவிதாங்கூர் அரசு ஓர் ஆணை போட்டிருந்தது. நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தலாம் என்ற ஆணை அது. அதற்காகப் பல பத்தாண்டுகள் சண்டை நடந்தது. சந்தையில் சீலையைக் கிழித்தார்கள், பள்ளிக்கூடங்களையும் தேவாலயங்களையும் எரித்தார்கள். கடைசியில் கிடைத்ததும் அரைகுறை உரிமைதான். மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரியே உடுத்தக்கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது. தோள்சீலைக் கலகம் ஒரு மாதிரி ஓய்ந்த வாரத்தில் பிறந்த பிள்ளை அவர்.

படித்து ஆசிரியர் பயிற்சிக்காகத் திண்டுக்கல் போனார். அங்கே சடையாண்டிப் பத்தரிடம் இசை கற்றார். வைத்திய ஆசை மலையேற வைத்தது. சுருளிமலையில் கருணானந்தர் என்ற முனிவரைச் சந்தித்து மருந்து முறைகளைக் கற்றதாக அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. மலையில் முனிவர் என்றதும் இன்றைய வாசகர் புருவத்தை உயர்த்தலாம். பரவாயில்லை. மலையிலிருந்து இறங்கிய பிறகு அவர் செய்த காரியங்கள்தாம் நமக்கு வேண்டியவை. 1882-ல் ஞானவடிவு பொன்னம்மாளைத் திருமணம் செய்தார். தஞ்சாவூருக்கு வந்து இருவரும் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தார்கள். 1890-ல் வேலையை விட்டுவிட்டு முழுநேர வைத்தியத்தில் இறங்கினார்.

அந்தக் காலத்தில் வைத்தியரைப் பண்டிதர் என்றார்கள். நாடி பார்ப்பார், கல்வத்தில் சரக்குகளைப் போட்டு மூலிகைச் சாறு விட்டுச் சாமக்கணக்கில் அரைப்பார், குன்றிமணி அளவு உருட்டி நிழலில் உலர்த்துவார், எதில் குழைத்துச் சாப்பிட வேண்டும் என்று அனுபானம் சொல்லிக் கொடுத்தனுப்புவார். சரக்கு நாட்டு மருந்துக் கடையிலிருந்து வரும். கடைக்காரர் கொடுத்தது அசல் மூலிகையா, அதைப் போலிருக்கிற வேறொரு செடியா என்பது அவரவர் அதிர்ஷ்டம். ஆபிரகாம் பண்டிதர் இந்த அதிர்ஷ்டத்தை நம்பவில்லை. தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கி மூலிகைகளைத் தானே பயிரிட்டார். குருவின் பெயரால் அதற்குக் கருணானந்தபுரம் என்று பெயர் வைத்தார். ஊர்க்காரர்களுக்கு அது பண்டிதர் தோட்டம். வெறும் மூலிகைத் தோட்டமாக அது நிற்கவில்லை. வேளாண் சோதனைகளும் நடந்தன. சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் லாலி வரை அதன் பெயர் எட்டியது. 1909-ல் அரசு அவருக்கு ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது.

கருணானந்த சஞ்சீவி என்ற பெயரில் அவர் மருந்துகள் நன்றாக விற்றன. பம்பாயில் 1896-ல் வெடித்த பிளேக் தெற்கே இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. ஊர் காலியாகும், ரயிலில் வருகிறவர்களை இறக்கிச் சோதிப்பார்கள், அரசாங்க ஊசி என்றால் ஜனங்கள் ஓடுவார்கள். கையில் காசிருப்பவர் மாத்திரை டப்பா ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வார். கொரோனாக் காலத்தில் கபசுரக் குடிநீருக்கு வரிசையில் நின்ற நமக்கு அந்த மனநிலை புரியாத ஒன்றல்ல.

அவர் மருந்து பிளேக்கைக் குணப்படுத்தியதா? இன்றைய அளவுகோலில் இதற்கு விடை சொல்ல முடியாது. மருந்து கொடுத்த கூட்டம் ஒன்று, கொடுக்காத கூட்டம் ஒன்று என்று பிரித்து எண்ணிப் பார்க்கிற வழக்கம் அப்போது உலகத்திலேயே வேரூன்றவில்லை. அந்த வழக்கத்தின் ஒரு பெரிய அத்தியாயம் பிற்காலத்தில் சென்னையிலேயே எழுதப்பட்டது. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கினார்கள். மாநகரத்து ஏழைக் காசநோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் தாம்பரம் சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு. மறுபாதிக்குத் தங்கள் வீட்டிலேயே, அதே நெரிசலில், அதே கஞ்சியோடு. மருந்து இருவருக்கும் ஒன்றுதான். சொன்னபடி விழுங்குகிறார்களா என்று திடீரென வீட்டுக்கே போய்ச் சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள். ஒரு வருட முடிவில் சானடோரியத்தில் நூற்றுக்குச் சுமார் 92 பேருக்குக் கிருமி அடங்கியிருந்தது. வீட்டில் சுமார் 86 பேருக்கு. வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் வெளியான அந்த முடிவுதான் உலகம் முழுக்கச் சானடோரியக் காலத்தை முடித்து வைத்தது. படுக்கைக்கு வழியில்லாத ராயபுரத்துக் கூலிக்காரரும் பிழைக்கலாம் என்று ஒரு கணக்கு காட்டியது. சமூக நீதி சில நேரம் இப்படி அட்டவணை உருவத்திலும் வரும்.

ஆபிரகாம் பண்டிதர் மருந்தில் செய்ய முடியாமல் போன அந்த எண்ணிப் பார்க்கிற வேலையை இசையில் செய்தார். அங்கேதான் அவர் முழு விஞ்ஞானி.

அவர் காலத்து வித்வான்களிடம் ஒரு ஸ்தாயியில், அதாவது ச முதல் மேல் ச வரை, எத்தனை சுருதி என்று கேட்டால் இருபத்திரண்டு என்று பதில் வரும். ஏன் இருபத்திரண்டு என்றால் சாஸ்திரம் சொல்கிறது என்பார்கள். எந்தெந்த இடத்தில் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில். பண்டிதருக்கு இது பொறுக்கவில்லை. மருந்துச் சரக்கை அடையாளம் தெரியாமல் அரைக்கிற மாதிரிதானே இதுவும்?

அவர் மோதிய சிக்கலை நாமும் ஒரு வீணையை வைத்துப் பார்க்கலாம். தந்தியை அப்படியே மீட்டினால் ச. சரிபாதி நீளத்தில் அழுத்தினால் மேல் ச. மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் ப. ச-வும் ப-வும் காதுக்கு அண்ணன் தம்பி மாதிரி. பழந்தமிழில் குரல், இளி. இப்போது அந்தப் ப-வையே புது ச-வாக வைத்து அதற்கொரு ப தேடுங்கள். கிடைத்ததை மறுபடி ச-வாக வையுங்கள். இப்படிப் பன்னிரண்டு முறை தாவினால் பன்னிரண்டு சுரத்தானங்களையும் தொட்டுவிட்டு, புறப்பட்ட ச-வுக்கே ஏழு ஸ்தாயி மேலே வந்து நிற்க வேண்டும். நிற்கிறதா? ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் ஏறக்குறைய 129.75. இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128. கோலத்தின் கடைசி இழை தொடங்கிய புள்ளியில் முடியாமல் ஒரு மயிரிழை தாண்டிப் போய்விட்ட மாதிரி. கிரேக்கர் காலத்திலிருந்தே தெரிந்த குளறுபடி இது. ஐரோப்பியர்கள் கடைசியில் பியானோவில் ஒரு சமரசம் செய்துகொண்டார்கள்: மிச்சத்தைப் பன்னிரண்டு கட்டைகளுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடு, எதுவும் சுத்தமில்லை, எதுவும் பெரிதாக உறுத்துவதுமில்லை.

பண்டிதர் இந்தக் கணக்கோடு சிலப்பதிகாரத்துக்குள் போனார். உ.வே.சாமிநாதையர் அதை அச்சிட்டு வெளிக்கொணர்ந்தது 1892-ல்; அதாவது பண்டிதர் கையில் இருந்தது அன்றைய நிலையில் புத்தம்புதுச் சான்று. அதன் அரங்கேற்று காதையிலும் அடியார்க்குநல்லார் உரையிலும் பாலை என்ற சுர வரிசை பிறக்கிற விதம் பேசப்படுகிறது. ராசி மண்டலம் மாதிரி ஒரு வட்டம், அதில் பன்னிரண்டு வீடுகள், வீடு வீடாக நரம்புகளை வைத்து இளி முறையில் திருப்பினால் புதுப் பண்கள் பிறக்கும். வட்டப்பாலை என்று அதற்குப் பெயர். பண்டிதர் கேட்டார்: வட்டம் என்றால் மூடவேண்டும் அல்லவா? மூடுகிற வட்டத்தில் வீடுகள் சமமாகத்தானே இருக்க வேண்டும்? அப்படியானால் ஸ்தாயியில் பன்னிரண்டு சம பாகம். நுட்பமாகப் பாதியாக்கினால் இருபத்து நான்கு. இருபத்திரண்டு அல்ல.

அப்படியானால் பழைய உரையிலேயே வருகிற அலகு (சுருதி) கணக்கை என்ன செய்வது? குரல் நான்கு, துத்தம் நான்கு, கைக்கிளை மூன்று, உழை இரண்டு, இளி நான்கு, விளரி மூன்று, தாரம் இரண்டு என்று கூட்டினால் இருபத்திரண்டுதானே வருகிறது? அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. உள்ளது இருபத்து நான்குதான். பாடும்போது விளரியிலும் கைக்கிளையிலும் ஒவ்வோர் அலகைக் குறைத்துக்கொண்டார்கள், அந்த மரபின் சூட்சுமம் மறந்துபோய் எண்ணிக்கை மட்டும் நின்றுவிட்டது என்றார். அவர் வாதம் சரியா என்பது வேறு. ஒரு வைத்தியர் தந்தி நீளங்களைத் தசம புள்ளிக்குப் பின்னால் பல இலக்கம் வரை கணக்கிட்டு அட்டவணை அட்டவணையாக அச்சிட்டு, "பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நீட்டினார் என்பதுதான் புதுசு. பெரியவர்கள் சொன்னதை நம்பு என்கிற துறைக்குள் மறுத்துப் பார் என்கிற பேச்சு நுழைந்தது.

பேச்சு அறைக்குள்ளே முடங்கவும் இல்லை. 1912-ல் தஞ்சாவூரில் சங்கீத வித்யா மகாஜன சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கி வித்வான்களையும் பண்டிதர்களையும் கூட்டி மாநாடு மேல் மாநாடாக நடத்தினார். மகாராஜா செலவில்லை, ஜமீன் செலவில்லை; வருகிறவர்களின் செலவெல்லாம் சஞ்சீவி மாத்திரை விற்ற காசு. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. இசை ஆராய்ச்சிக்கு யார் படி அளக்கிறார்களோ அவர்கள் விருப்பம் முடிவில் எட்டிப் பார்க்கும். தன் கல்வத்தில் அரைத்த காசில் ஆராய்ந்தவருக்கு யாரிடமும் தலையாட்ட வேண்டியிருக்கவில்லை.

அந்த ஆண்டுகளில் அவர் பிறந்த சமூகம் எங்கே நின்றது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1897-ல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததால் வழக்கு. 1899-ல் சிவகாசிக் கலவரம். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-ல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பானது. அடுத்த வருடம் ராவ் சாகிப் பட்டம் பெற்ற மனிதரின் சொந்தக்காரர்கள் இந்துவாக இருந்திருந்தால் அந்தக் கோயில் வாசலைத் தாண்ட முடியாது. ஓதுவாரும் நாகசுரக்காரரும் பண்ணையும் ராகத்தையும் காப்பாற்றி வந்த இடம் கோயில். அந்தக் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சாதியில் பிறந்த கிறிஸ்தவர் ஒருவர், உள்ளே பாடப்படுகிற இசையின் வேர் எது, கணக்கு எது என்று உள்ளே இருப்பவர்களுக்கே எடுத்துச் சொன்னார். பண்டிதர் சாதி ஒழிப்புப் போராளி அல்ல. கோஷம் போட்டவரும் அல்ல. கவர்னர் பெயரையே தன் அச்சகத்துக்கு வைத்தவர். ஆனாலும் தமிழில் இருக்கிற சான்றைத் தமிழர் யாரும் எடுத்துப் பேசலாம், அதற்குப் பிறப்புச் சீட்டு வேண்டாம் என்பதை அவர் செய்தே காட்டிவிட்டார்.

1916 மார்ச்சில் பரோடாவில் முதல் அகில இந்திய இசை மாநாடு. மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட் ஆதரவு, இசை அறிஞர் பாத்கண்டே முன்னின்று நடத்தியது. (அம்பேத்கரைக் கொலம்பியாவுக்குப் படிக்க அனுப்பியவரும் இதே சாயாஜிராவ்தான். அவருடைய முதல் மனைவி தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துப் பெண். அவரோடு தஞ்சை நாட்டியக்காரிகளும் பரோடாவுக்குப் போயிருந்தார்கள். தஞ்சாவூருக்கு அந்த ஊர் அந்நியமில்லை.) இருபத்திரண்டு சுருதிக் கட்சியின் பெரிய ஆள் கிளெமென்ட்ஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. அவர் தம் கணக்குப்படி செய்வித்த சுருதி ஹார்மோனியத்தோடு அங்கே வந்திருந்தார். ஆபிரகாம் பண்டிதர் தம் வீட்டுப் பெண்களோடு போனார். அவர்கள் வீணையோடு பாடிக் காட்ட, அவர் விளக்கினார்.

குடும்பப் பெண் மேடையில் பாடினால் ஊர் வாயில் விழுவாள் என்று பயந்த காலம் அது. மேடை தேவதாசி மரபுப் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதற்காகவே அவர்களை ஏசவும் செய்தார்கள். அப்படியிருக்க, மகாராஜாவும் உஸ்தாத்களும் வெள்ளைக்கார நீதிபதியும் உட்கார்ந்திருக்கிற சபையில் தன் வீட்டுப் பெண்களை ஆராய்ச்சிக்குச் சாட்சியாக நிறுத்தினார் பண்டிதர். சந்தையில் மாராப்பு கிழிக்கப்பட்ட தலைமுறைக்கும் அந்த மேடைக்கும் நடுவே அறுபது வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

அடுத்த வருடம், 1917-ல், புத்தகம் வந்தது. கருணாமிர்த சாகரம். ஆயிரத்து முந்நூறு பக்கத்துக்கு மேல். லாலி பெயரில் அவரே நடத்திய மின் அச்சகத்தில் அச்சானது. கையில் எடுத்தால் இட்லிக் கொப்பரை கனம். உள்ளே என்னதான் இல்லை? சுருதிக் கணக்கு, சிலப்பதிகார விளக்கம், தென்னாட்டுச் சங்கீத வித்வான்களின் நீண்ட பட்டியல், கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் லெமூரியாக் கண்டம். லெமூரியாப் பக்கங்களை இன்று படிக்கும்போது மெல்லச் சிரித்துவிட்டுத் தாண்ட வேண்டியிருக்கிறது. அன்றைய ஐரோப்பியப் புத்தகங்களை நம்பி அவரும் ஏமாந்தார். சம பாகக் கணக்கை இளங்கோவடிகள் தலையில் ஏற்றியதும் அதீதம்தான் என்று எனக்குப் படுகிறது. கர்நாடக சங்கீதத்தில் பாடுகிறவர் குரல் எந்த மெட்டிலும் கட்டிப் போட்ட மாடு மாதிரி நிற்பதில்லை. தோடியில் காந்தாரம் ஊஞ்சலாடுகிறது. அதை இருபத்து நான்கிலும் அடைக்க முடியாது, இருபத்திரண்டிலும் அடைக்க முடியாது.

1919 ஆகஸ்ட் 31 அன்று காலமானார். நூலின் இரண்டாம் பகுதி கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 1946-ல்தான் அச்சேறியது.

அவரை நேருக்கு நேர் மறுத்தவர்களில் ஒருவர் கடல் தாண்டி வந்தார். மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவில் 1892-ல் பிறந்த மயில்வாகனன், பிற்பாடு சுவாமி விபுலாநந்தர். லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, பிறகு மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் துறவி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தபோது பக்கத்துத் திருவேட்களம் சேரிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு அது பிடித்திருக்காது. அவரும் சிலப்பதிகாரத்தை எடுத்தார், அவரும் பௌதிகக் கணக்கைப் போட்டார், இருபத்திரண்டு அலகுதான் என்று முடித்தார். 1947 ஜூனில் யாழ் நூல் அரங்கேறியது. ஜூலையில் அவர் இல்லை. ஒரே காப்பியம், ஒரே கணிதம், இரண்டு விடை. சென்னையில் பாரிமுனை ராஜா அண்ணாமலை மன்றத்தில், 1943-ல் பிறந்த தமிழ் இசைச் சங்கம் ஆண்டுதோறும் கூட்டிய பண் ஆராய்ச்சிக் கூட்டங்களில் இந்தச் சண்டையின் எதிரொலி வெகுகாலம் கேட்டது. துறைமுகத்துச் சங்கொலி கேட்கிற தூரத்தில் விளரிக்கு எத்தனை அலகு என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காலத்தில் பண்டிதர் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்ட இன்னொரு சித்த வைத்தியரைச் சொல்லாமல் வடசென்னைக்குத் திரும்ப முடியாது. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914). ராயப்பேட்டையில் வைத்தியம் பார்த்தார். 1907 ஜூனில் ஒரு பைசாத் தமிழன் என்ற வார இதழைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட மக்கள் பூர்வ பௌத்தர்கள் என்று எழுதினார். ஆபிரகாம் பண்டிதர் சிலப்பதிகாரத்தில் செய்ததை அயோத்திதாசர் திருக்குறளிலும் சுவடிகளிலும் பண்டிகைகளிலும் செய்தார்: எல்லோரும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த கதையைப் பிரித்துப் போட்டு வேறு மாதிரி அடுக்கினார். தாம்பரம் சானடோரியத்தில் இருக்கிற தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு இன்று அவர் பெயர்.

கை கால் முடங்கிப் போன ஒரு சிறுவனை அயோத்திதாசரிடம் கொண்டுவந்தார்கள். அவர் கொடுத்த மருந்தில் பையன் எழுந்து நடந்தான். அந்தப் பையன் திரு.வி.க.; தன் வாழ்க்கைக் குறிப்புகளில் நன்றியோடு அதைப் பதிந்திருக்கிறார். வளர்ந்து, 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது முன்னால் நின்றவர்களில் அவரும் ஒருவர். இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வதுண்டு. மாதவரத்திலிருந்து மூலக்கடை வழியாக வந்தால் அந்தப் பெரம்பூர் கூப்பிடு தூரம். மூன்றே வருடத்தில், 1921 வேலைநிறுத்தத்தில், ஆலைக்குள் போவோர் வெளியே நிற்போர் என்ற பிளவு சாதிப் பிளவாக மாறிப் புளியந்தோப்பு எரிந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். வைத்தியர் குணமாக்கியது ஒரு பையனின் முடக்கத்தைத்தான்.

அரசாங்கம் சித்த வைத்தியத்தை ஒரு படிப்பாக ஏற்றது இதற்கெல்லாம் பிறகு. இந்திய மருத்துவ முறைகளை ஆராய உஸ்மான் கமிட்டி 1921-ல் அமைந்து 1923-ல் அறிக்கை கொடுத்தது. 1925-ல் கீழ்ப்பாக்கத்தில் இந்திய மருத்துவப் பள்ளியைத் திறந்தார்கள். சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றும் அங்கே. பின்னாட்களில் அதுவே கல்லூரியாகி, கலப்பு மருத்துவமாகி, 1960-ல் ஆங்கில மருத்துவக் கல்லூரியாக உருமாறிவிட்டது. இன்றைக்கு நாம் கே.எம்.சி. என்று சொல்லிப் போகிற கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரிதான் அது. சித்த மருத்துவத்துக்குத் தனிக் கல்லூரி 1964-ல் பாளையங்கோட்டையில் கிடைத்தது. மாதவரத்துக்குப் பல்கலைக்கழகம் என்ற பேச்சு அந்த நீண்ட இடமாற்றத்தில் அடுத்த நிறுத்தம்.

அதே கீழ்ப்பாக்கத்தில் 2018 ஜனவரி 6 மாலை ஒரு மைதானத்தில் கூட்டம். திரைப்பட இயக்குநர் பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த இசைக்குழுவின் முதல் நிகழ்ச்சி. சாவு வீட்டு வாசலிலும் கல்யாண மண்டபத்துப் பின்கட்டிலும் பாடிப் பழகிய வடசென்னை கானாக்காரர்கள் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு மேடையேறினார்கள். பறையும் சட்டியும் கிதாரோடு சேர்ந்து முழங்கின. இட ஒதுக்கீடு பற்றிப் பாடினார்கள், மாட்டுக்கறி பற்றிப் பாடினார்கள். குழுவின் பெயர் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். அந்தப் பெயர் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டவர்களுக்கு ஒரு பழைய தொடரைக் காட்டினார்கள்: சாதி பேதமற்ற தமிழர். ராயப்பேட்டையில் நாடி பார்த்துக்கொண்டே பத்திரிகை நடத்திய அயோத்திதாசப் பண்டிதர் புழங்கிய தொடர் அது.